நகரங்களின் அடுப்படி – 9: தனியாக வந்தவர்களின் சாப்பாடு

1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பம்பாய் நகரத்தில் 1,000 ஆண்களுக்கு 600 பெண்கள்கூட இல்லை. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மும்பையின் சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றி வாருங்கள். ரத்னகிரியிலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்தவர், சாத்தாராவிலிருந்து மூட்டை தூக்க வந்தவர், பாலக்காட்டிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு ரயிலேறியவர், ஈரானின் யஸ்த் நகரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர், எல்லோரும் தனி ஆட்கள். மனைவியும் தாயும் ஊரில், அடுப்பும் ஊரில். வந்த இடத்தில் ஒரே அறையில் பத்துப் பேர், சில அறைகளில் அதற்கும் மேலே. ஷிஃப்ட் முறை வைத்துத் தூங்கினார்கள். அந்த அறையில் யார் உலை வைப்பது? அவர்களுக்கு யாரோ ஒருவர் சோறு போட்டாக வேண்டியிருந்தது. இந்த நகரத்தின் பழைய உணவகங்கள் பெரும்பாலும் அப்படிப் பிறந்தவைதான். பொழுதுபோக்காகச் சாப்பிடுகிறவர்களுக்காக அவை தொடங்கப்படவில்லை.

மும்பையில் எனக்கு வாய்த்த சாப்பாட்டுக் கூட்டாளிகள் மூன்று பேர். லால்பாக் சாலில் (ஓரறை வீடுகள் வரிசையாக அடுக்கிய கட்டடம்) பிறந்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கொங்கணக்காரர் ஒருவர். இவருடைய அப்பா மில் தொழிலாளி. பேண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் போரா முஸ்லிம் நண்பர் ஒருவர். மூன்றாவது, தாராவியிலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே பள்ளி ஆசிரியையாக இருக்கும் தங்கை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் முதல் நாளே என்னை “அண்ணே” ஆக்கிவிட்டார். மூவருக்கும் ருசியில் ஒத்துப்போகாது. கொங்கணக்காரருக்கு மீன் இல்லாத சோறு சோறே இல்லை. போரா நண்பர் மீனைத் தொடமாட்டார். ஆசிரியைக்குக் காரம் போதாது. ஆனால் ஒரு கடைக்குள் நுழைந்தால் மூவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இங்கே முதலில் சாப்பிட்டவர்கள் யார்?

போரா நண்பர்தான் எங்களை விடியற்காலையில் பேண்டி பஜாருக்கு அழைத்துப் போனார். போரி மொஹல்லாவின் சந்துகளில் ‘பாரா ஹண்டி’ கடைகள் இருக்கின்றன. மேடை மாதிரிக் கட்டிய அடுப்பில் பன்னிரண்டு செம்புப் பானைகளைக் கழுத்துவரை பதித்திருப்பார்கள். வெளியே தெரிவது வாய்கள் மட்டும். பரிமாறுகிறவர் மேடைமேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். கீழே தணல். முதல் நாள் மாலை ஏற்றிய கறி இரவு முழுக்க அந்த மெல்லிய சூட்டில் கிடந்து விடிவதற்குள் எலும்பை விட்டுவிடுகிறது. ஒரு பானையில் கால், ஒன்றில் நல்லி எலும்பு, ஒன்றில் வால், ஒன்றில் கெட்டியான கறி, ஒன்றில் வெறும் சாறு.

நான் அந்த மனிதரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “பாயா” என்று ஒருவர் கேட்டால் பாயா பானையில் மட்டும் கரண்டி போகாது. அதில் ஒரு கரண்டி, பக்கத்துப் பானையிலிருந்து அரைக் கரண்டிச் சாறு, இன்னொன்றின் மேலே மிதக்கும் நெய்ப்பசையை வழித்து ஒரு சுற்று. எதிரே நிற்பவர் யாரென்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அளவை முடிவு செய்கிறார். கட்டுமஸ்தான ஆளுக்குக் கெட்டியாக, வயசாளிக்குத் தண்ணியாக. கூடவே கமீரி ரொட்டி, புளித்த மாவில் சுட்டது. பிட்டுப் போட்டால் சாற்றை உறிஞ்சிக்கொண்டு கனத்துவிடும். காலை ஏழு மணிக்கு இதைச் சாப்பிட்ட பிறகு மதியம் பசிக்கவில்லை. அதுதான் இதன் நோக்கமும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், கைவண்டி இழுத்தவர்கள் வேலைக்குப் போகும் முன் ஒரே வேளையாக வயிற்றை நிரப்பிக்கொண்டு போன சாப்பாடு இது. கறியில் விலை குறைந்த பகுதிகளை எடுத்து, விறகையும் நேரத்தையும் செலவழித்து, உழைப்பாளிக்கு வேண்டிய கொழுப்பும் சத்தும் ஒரு தட்டில் வரச் செய்திருக்கிறார்கள். 2015இல் மகாராஷ்டிர அரசு காளை, எருது அறுப்பதையும் தடை செய்த பிறகு பானைகளில் எருமைக் கறிதான். பழைய வாடிக்கையாளர்கள் அந்த வித்தியாசத்தை நாக்கில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார் நண்பர். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவர் அதற்கு ஆமாம் என்று தலையாட்டினார்.

மில் பகுதியின் கதை வேறு. பரேல், லால்பாக், வொர்லி எல்லாம் சேர்ந்த அந்தப் பகுதிக்குக் கிரண்காவ் என்று பெயர், மில்களின் ஊர். அங்கே தனி ஆட்களுக்குச் சோறு போட்டது ஹோட்டல் இல்லை, ‘கானாவள்’. சாலில் ஒரு பத்துக்குப் பத்து அறை. அதில் குடியிருக்கும் பெண் தன் குடும்பத்துக்குச் சமைப்பதோடு இருபது முப்பது தொழிலாளிகளுக்கும் சேர்த்துச் சமைப்பார். மாதச் சம்பளம் வந்ததும் பணம். அதுவரைக்கும் கடன்தான். அந்தப் பெண்ணுக்கும் மளிகைக் கடையில் கடன், மளிகை கட்ட வட்டிக்காரரிடம் கடன். கொங்கணத்து ஆட்களுக்குச் சோறும் மீன் குழம்பும், மேட்டு நிலத்து ஆட்களுக்குச் சோள பாக்ரியும் காரமான ரஸ்ஸாவும். ஒரே சாலில் இரண்டு கானாவள் இருந்தால் இரண்டிலும் இரண்டு மாவட்டத்து ருசி.

குடும்பத்தை அழைத்து வந்து புறநகரில் வீடு பிடித்தவருக்கு டப்பாவாலா வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், 1890லிருந்து. அந்த டப்பாவாலாவைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. குடும்பம் வராதவருக்குச் சோறு போட்ட கானாவள் பெண்களைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூட எழுதப்படவில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. தொழிற்சங்கத்தில் வேலை செய்த பிரேமா புராவ் 1975இல் இந்தப் பெண்களைத் திரட்டி ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ தொடங்கினார். வட்டிக்காரரிடமிருந்து மீட்டு வங்கிக் கடன் வாங்கித் தந்தார். சமைத்துப்போடுவதும் ஒரு தொழில், அதைச் செய்கிறவரும் தொழிலாளி என்று இந்த நகரத்தில் உரக்கச் சொன்ன அமைப்பு அதுதான்.

பிறகு 1982 ஜனவரி வந்தது. தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம். அது முறையாக முடியவே இல்லை. மில்கள்தான் முடிந்தன. “என் அத்தை கானாவள் நடத்தினார்” என்றார் கொங்கணக்காரர். “ஸ்ட்ரைக் தொடங்கி சில மாதம் யாரிடமும் காசு கேட்கவில்லை. பிறகு கேட்க ஆளில்லை. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். கணக்கு நோட்டு மட்டும் இருந்தது.” அத்தை அந்த நோட்டைக் கடைசிவரை கிழிக்கவில்லையாம். யார் பெயருக்கு எதிரே எவ்வளவு என்று அவருக்கு மனப்பாடம்.

அவர் எங்களை லால்பாகில் ஒரு மால்வணி சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். எட்டு மேஜைதான் இருக்கும். வங்கராவாசி மீனை நடுமுள் எடுத்துப் பிளந்து, கல்லுக்கு அடியில் வைத்துத் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, மசாலா தடவி ரவையில் புரட்டிப் பொரித்துக் கொண்டுவந்தார்கள். இந்த மீனில் தண்ணீர் அதிகம். பிழியாமல் பொரித்தால் சட்டியில் குழைந்துவிடும். மேலே ரவை நொறுங்குகிறது, உள்ளே மீன் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெத்தென்று கரைகிறது. கடைசியில் கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இளஞ்சிவப்பு சோல்கடி. கானாவளில் மீன் மலிந்த நாளில் கிடைத்த அதே சாப்பாடு என்றார். இன்று இது ‘மால்வணி தாலி’ என்று அட்டைபோட்டு விற்கப்படுகிறது. கொஞ்ச தூரத்தில், மில் இருந்த வளாகங்களில் மால்களும் பெரிய உணவகங்களும் மதுக்கூடங்களும் நிற்கின்றன. கமலா மில் வளாகத்தில் 2017 டிசம்பர் இறுதியில் மொட்டைமாடி உணவகத்தில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். அந்த வளாகத்தின் வாசலில் மதியம் நின்று பார்த்தால், உள்ளே பரிமாறுகிற பையன்களும் செக்யூரிட்டிகளும் வெளியே வந்து தெருவோர வண்டியில் வடா பாவ் வாங்கிச் சாப்பிடுவது தெரியும். நகரம் மாறியும் இந்த ஒரு காட்சி மாறவில்லை.

வடா பாவைச் சொன்னதும் 1966ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர் வண்டி போட்டு இதைத் தொடங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அதே ஆண்டில்தான் சிவசேனாவும் தொடங்கியது. ‘மதராசி’களுக்கு எதிரான அதன் பிரசாரத்தில் முதலில் கல்லடி வாங்கியவற்றில் உடுப்பி ஹோட்டல்களும் உண்டு. சோற்றுக்கடை என்பது வந்தேறி கண்ணுக்குத் தெரிகிற இடம். கோபத்தைக் காட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது.

யஸ்த் பக்கமிருந்து வந்தவர்கள் தொடங்கிய இரானி கஃபேக்களுக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கலாம். ஆனால் அவற்றைப் பற்றி நிறைய வந்துவிட்டதால் எனக்கு முக்கியமாகப் படுவதை மட்டும் சொல்கிறேன். தோபி தலாவில் 1904இல் தொடங்கிய கயானி இன்னும் இருக்கிறது. வளைந்த மரச் சட்டம் போட்ட நாற்காலி, பளிங்குக் கல் மேஜை, சுவரில் கண்ணாடி, கண்ணாடிப் பெட்டிக்குள் காரி பிஸ்கட்டும் மாவா கேக்கும். ப்ரூன் மஸ்கா கேட்டால், மேலோடு கல்லாக இறுகிய பாவை நீளவாட்டில் வெட்டி வெண்ணெயை அப்பித் தருவார்கள். சும்மா கடித்தால் ஈறு கிழியும். டீயில் முக்கினால் வெண்ணெய் உருகி டீயின் மேலே மிதக்கும். அந்த டீயைக் குடிப்பதற்காகத்தான் பாவே. இந்துக் கடைக்காரர்கள் ராசியில்லை என்று ஒதுக்கிய தெருமுனைக் கடைகளை இரானிகள் எடுத்தார்கள் என்று சொல்வார்கள். முனைக்கடை என்பதால் இரண்டு பக்கமும் வாசல், இரண்டு பக்கமும் வெளிச்சம்.

“எங்க தாத்தா தோல் ஷாப்ல வேலை பார்த்தாங்கண்ணே” என்றார் ஆசிரியை. “உடம்புல வாசம் போகாது. மாட்டுங்கால சாப்பாட்டு மெஸ்ஸுக்குள்ள அவங்க கால வச்சதே இல்ல. நம்ம ஊரு சாப்பாடு, நம்ம பாஷை, ஆனா உள்ள போக முடியாது. இரானில காசக் கொடுத்தா உக்காரலாம். பக்கத்துல யாரு உக்கார்ந்திருக்கான்னு அங்க யாரும் கேக்கல. அதனாலதான் எங்க தாத்தா கடைசி வரைக்கும் இரானி டீதான் நல்ல டீம்பாங்க.”

இதைக் கேட்ட பிறகு மாட்டுங்காவைப் பற்றி எழுதுவது எளிதாக இல்லை. ஆனால் எழுத வேண்டும். 1896இல் பம்பாயில் பிளேக் வந்து நெரிசலான பகுதிகளில் மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்த பிறகு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் புதிதாகத் தெருக்கள் போட்டார்கள். ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் கணக்கு எழுதவும் டைப் அடிக்கவும் வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்திய கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. இவர்களிலும் பலர் கல்யாணம் ஆகாத பையன்கள், அல்லது குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பெரும்பாலும் தமிழர்கள் இல்லை, தென் கன்னடத்துக்காரர்கள். கஃபே மெட்ராஸ் 1940இல் வந்தது. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942இல், மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டி.

ராம நாயக் போர்டிங்கில் இன்றும் மாடியேறி, டோக்கன் வாங்கி, காத்திருந்துதான் சாப்பிட வேண்டும். வாழையிலை, சோறு, சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, மோர். சாம்பாரில் வெல்லத்தின் சாயல் தெரியும். தஞ்சாவூர் நாக்குக்கு அது கொஞ்சம் அந்நியம்தான். நாலு தலைமுறையாக மாட்டுங்காத் தமிழர்கள் அதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு வீட்டுச் சாம்பாரிலும் வெல்லம் கிள்ளிப்போடப் பழகிவிட்டார்கள். இலை போட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. எவ்வளவு கேட்டாலும் போடுகிறார்கள், முகம் சுளிப்பதில்லை. மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மீதியில் வாழ்ந்த குமாஸ்தாவுக்கு இந்த அளவில்லாச் சோறு எப்படிப்பட்ட ஆறுதலாக இருந்திருக்கும் என்று அந்த இலைமுன் உட்கார்ந்தபோது உணர்ந்தேன். அதே சமயம் அம்பேத்கர் தான் குடியிருக்கக் கட்டிய ராஜகிருகம் இங்கிருந்து நடந்து போகும் தூரம்தான் என்பதும் நினைவில் இருந்தது. இரண்டுமே உண்மை. ஒரு வகையாருக்கு ஆறுதலாக இருந்த பந்தி இன்னொரு வகையாருக்கு மூடிய கதவாக இருந்தது. ஆசிரியை எங்களோடு வந்து அந்த இலையில் திருப்தியாகச் சாப்பிட்டார், ரசம் இரண்டாம் தடவை வாங்கினார். “எங்க தாத்தாவையும் இதுல ஒரு நாள் உக்கார வச்சிருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

சயான் கோலிவாடாவை ஓட்டமாகக் கடந்துவிடுகிறேன். பிரிவினையில் வந்த பஞ்சாபி அகதிகள், கோலி மீனவர்களின் மீனை வாங்கி, ஓமமும் கடலை மாவும் மிளகாயும் சேர்த்துப் பொரித்து விற்ற இடம். இன்று இந்தியா முழுக்க ‘கோலிவாடா இறால்’ என்று கிடைப்பதன் பிறப்பிடம் இதுதான். அகதிகள் குடும்பத்தோடு வந்தவர்கள். அதனால் அங்கே பந்திச் சாப்பாடு வளரவில்லை. எடை போட்டு வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிற பழக்கம்தான் வளர்ந்தது.

மாட்டுங்கா இட்லி நகரத்துக்குத் தெரியும். தாராவி இட்லியும் நகரத்துக்குத் தெரியும், ஆனால் அது தாராவியிலிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆசிரியை வீட்டுச் சந்தில் நள்ளிரவு தாண்டினால் வரிசையாக கிரைண்டர் சத்தம். விடியும் முன் ஆவி. ஆள் உயர இட்லிப் பானைகளில் தட்டுத் தட்டாக அடுக்கி எடுத்து, ஈரத் துணியில் கவிழ்த்து, அலுமினிய அண்டாவில் வெள்ளைத் துணி விரித்து அடுக்குகிறார்கள். சட்னி ஒரு கேனில், சாம்பார் ஒரு கேனில். சூரியன் வரும் முன் சைக்கிளில் கட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹாரனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தாதர், பரேல், கொலாபா வரைக்கும். அந்த ஹாரன் சத்தம் கேட்டதும் காவலாளியும் கட்டட வேலைக்காரரும் மாடி வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அண்டாவைச் சுற்றி நிற்கிறார்கள். நான் சாப்பிட்டது விளிம்பு சற்று இறுகிய, நடு பஞ்சான இட்லி. சட்னியில் பொட்டுக்கடலை தூக்கல், காரம் சுள்ளென்று. கடை என்று ஒன்று இல்லாததாலேயே எந்த உணவகப் பட்டியலிலும் இது வருவதில்லை. என்னைக் கேட்டால் மும்பையில் தமிழர்கள் நடத்தும் மிகப் பெரிய உணவகம் இதுதான்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024இல் அளவெடுக்கத் தொடங்கினார்கள். இட்லி வீடுகளில் இரவில் பட்டறையாக இருக்கும் அறையே பகலில் குடும்பம் படுக்கும் அறை. அடுக்குமாடிக் குடியிருப்பில் நள்ளிரவில் கிரைண்டர் ஓட்ட யார் விடுவார்கள், ஆள் உயரப் பானைக்கு எங்கே இடம், விடியும் முன் சைக்கிள்களை எங்கே நிறுத்துவது? வீட்டின் சதுர அடியைக் கணக்கிடுகிறவர்கள் அடுப்பின் இடத்தையும் கணக்கிட வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா தெரியாது, ஆனால் சொல்லத் தோன்றுகிறது.

தனி ஆட்கள் வருவது நிற்கவில்லை. உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து இன்றும் வருகிறார்கள். அவர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று நான் கேட்டதற்குப் போரா நண்பர் பிவண்டி என்றார். அவருடைய துணி வருவது அங்கிருந்துதான். விசைத்தறிகள் நிறைந்த அந்த ஊரில் ‘பிஸ்ஸி’ என்று ஒன்று உண்டு. மாதக் கணக்கு, இரண்டு வேளைச் சாப்பாடு, தறி ஓட்டுகிறவர்கள் ஷிஃப்ட் மாறும்போது வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. கணக்கு நோட்டு இருக்குமா என்று கொங்கணக்காரர் கேட்டார். இருக்கும் என்றார் போரா நண்பர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கல்யாண் லோக்கல் பிடித்து இறங்கி அங்கே போவதாக முடிவு. பிவண்டியின் பிஸ்ஸிகளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)